முட்டை வடிவம் என்றால் எந்த முட்டை?

கேள்வி இதுதான்: "ஆங்கிலத்தில் ஓவல் என்கிறார்கள். அகராதியைப் புரட்டினால் ஓரிடத்தில் முட்டை வடிவம் என்றும் இன்னோரிடத்தில் நீள்வட்டம் என்றும் போட்டிருக்கிறது. இரண்டும் ஒன்றா? ஓவல் என்ற சொல் எங்கிருந்து வந்தது? தமிழில் இதற்குப் பழைய சொல் ஏதாவது இருந்ததா?"

அவசரத்தில் இருப்பவர்களுக்கு முதலில் சுருக்கம். லத்தீனில் முட்டைக்கு ஓவும் என்று பெயர். அதிலிருந்து பிற்கால லத்தீனில் ஓவாலிஸ், அதாவது 'முட்டையைப் போன்றது', என்ற சொல் பிறந்தது. 16ஆம் நூற்றாண்டில் அது ஆங்கிலத்துக்குள் வந்து ஓவல் ஆனது. நீள்வட்டமும் முட்டை வடிவமும் ஒன்றல்ல. ஆனால் இரண்டையும் குழப்பிக்கொண்டதற்கு நம் அகராதிக்காரர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. ஆங்கிலேயர்களும் அதே குழப்பத்தில்தான் இருக்கிறார்கள். அது எப்படி நேர்ந்தது என்பதைச் சொல்லத்தான் மீதிப் பதில்.

வீட்டில் கோழிமுட்டை இருந்தால் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அவித்ததாக இருந்தால் நல்லது, கை தவறினாலும் தரை துடைக்க வேண்டாம். ஒரு தாளின் மேல் அதைப் படுக்க வைத்து, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துச் சுற்றிலும் கோடு போடுங்கள். இப்போது அந்தத் தாளை நீளவாக்கில், இரண்டு முனைகளும் மடிப்பின் மேல் வரும்படி மடியுங்கள். இரண்டு பாதிகளும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காரும். பிரித்துவிட்டு, முனையோடு முனை சேரும்படி குறுக்காக மடியுங்கள். உட்காராது. ஒரு பக்கம் தடித்திருக்கும், மறுபக்கம் கூம்பியிருக்கும். நீள்வட்டத்தை எப்படி மடித்தாலும், நெடுக்கோ குறுக்கோ, இரண்டு பாதியும் பொருந்தும். வித்தியாசம் அவ்வளவுதான்: முட்டைக்குத் தலை எது, வால் எது என்று உண்டு, நீள்வட்டத்துக்குக் கிடையாது.

முட்டையை மேசையில் உருட்டியும் பார்க்கலாம். பந்து மாதிரி நேராக ஓடாது. கூம்பிய முனை உள்பக்கம் இருக்க, வளைந்து வளைந்து திரும்பி வரும். இதுவும் அந்தத் தலை-வால் சமாச்சாரத்தால்தான்.

சரி, சொல்லுக்கு வருவோம். ஓவும் என்ற லத்தீன் சொல்லின் உறவினர்கள் ஐரோப்பா முழுக்க இருக்கிறார்கள். கிரேக்கத்தில் ஓயோன், வெல்ஷில் உய், ஜெர்மனில் ஐ, ரஷ்யனில் யைத்ஸோ. பார்த்தால் ஒன்றுபோல் இல்லைதான், ஆனால் ஒலிமாற்ற விதிகளைப் பிடித்துப் பின்னோக்கிப் போனால் எல்லாம் ஒரே மூலத்தில் போய் நிற்கின்றன. பறவையைக் குறிக்கும் லத்தீன் சொல் அவிஸ். சமஸ்கிருதத்தில் பறவைக்கு 'வி' என்றே ஒரு சொல் உண்டு. இவையும் அந்த மூலத்தோடு ஒட்டியவை என்றும், முட்டைக்கான சொல்லே 'பறவையுடையது' என்ற பொருளில் பிறந்திருக்கலாம் என்றும் மொழியியலார் பலர் கருதுகிறார்கள். பாரசீகத்தில் இதே மூலத்திலிருந்து வந்த காயா என்ற சொல், இப்போது முட்டையைக் குறிப்பதில்லை. ஆண்களின் விதையைக் குறிக்கிறது. பாரசீகர்கள் முட்டைக்குத் தொக்ம் என்று வேறு சொல் வைத்துக்கொண்டுவிட்டார்கள். சிரிக்க வேண்டாம், நம் பக்கமும் இதே கதைதான், கொஞ்ச நேரத்தில் வருகிறேன்.

ஓவேஷன் என்ற சொல்லையும் இந்தக் குடும்பத்தில் சேர்த்துவிடுகிறவர்கள் உண்டு. கைதட்டி ஆர்ப்பரிப்பதற்கும் முட்டைக்கும் சம்பந்தமில்லை. அது 'மகிழ்ந்து ஆரவாரிப்பது' என்ற பொருளுள்ள வேறொரு லத்தீன் வினையிலிருந்து வந்தது. எழுத்து ஒத்துப்போவதெல்லாம் உறவு ஆகாது.

இங்கே ஒரு வேடிக்கை. ஆங்கிலத்தில் முட்டைக்கு இப்போது இருக்கும் எக் என்ற சொல்லே அவர்களுடைய சொந்தச் சொல் இல்லை. வைக்கிங்குகளோடு வடக்கிலிருந்து வந்தது. பழைய ஆங்கிலச் சொல் வேறு, அதன் பன்மை எய்ரன். இரண்டும் கொஞ்சகாலம் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்தன. இங்கிலாந்துக்கு அச்சு இயந்திரத்தைக் கொண்டுவந்த வில்லியம் காக்ஸ்டன், 1490இல் தான் அச்சிட்ட ஒரு நூலின் முன்னுரையில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். தேம்ஸ் நதியில் கப்பலேறிய வணிகர்கள் சிலர், காற்று இல்லாததால் கரையிறங்கி ஒரு வீட்டில் சாப்பிட எக்ஸ் கேட்டார்கள். வீட்டுக்காரி, "எனக்குப் பிரெஞ்சு தெரியாது" என்று சொல்லிவிட்டாள். கேட்டவனுக்குக் கோபம், ஏனென்றால் அவனுக்கும் பிரெஞ்சு தெரியாது. இன்னொருவன் வந்து எய்ரன் என்று சொன்ன பிறகுதான் அந்த அம்மாளுக்குப் புரிந்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பொருளுக்கு ஒரு மொழியிலிருந்து சொல், அதன் வடிவத்துக்கு இன்னொரு மொழியிலிருந்து சொல் என்று ஆங்கிலம் ஆகிப்போனது. எக் வடக்கிலிருந்து, ஓவல் லத்தீனிலிருந்து. விளைவு, ஓவல் என்று கேட்கும் சாதாரண ஆங்கிலேயரின் காதில் முட்டை விழுவதே இல்லை. நமக்கு 'முட்டை வடிவம்' என்றதும் அடுப்படி ஞாபகம் வந்துவிடுகிறது. அவர்களுக்கு ஓவல் என்றால் வெறும் ஒரு வடிவம். உள்ளே இருக்கும் முட்டை கண்ணுக்குத் தெரியாமல் போனதால், அந்தச் சொல்லைப் பிடித்து நிறுத்தவும் ஆள் இல்லை. அது மெல்ல நகர்ந்து, இரண்டு பக்கமும் சமமாக இருக்கும் நீள்வட்டத்துக்கும், ஓடுதளம் மாதிரி இரண்டு நேர்கோடும் இரண்டு அரைவட்டமும் சேர்ந்த உருவத்துக்கும், ஏன், மூலை மழுங்கிய எதற்குமே பொதுப்பெயர் ஆகிவிட்டது. கணிதத்திலும் ஓவலுக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரே வரையறை கிடையாது. டெக்கார்ட் 1637இல் ஒருவகை ஓவல்களை வரைந்து காட்டினார், காசினி 1680இல் வேறொரு வகையை. காசினியின் ஓவல்களில் சில நடுவில் இடுப்பு ஒடுங்கி நிலக்கடலை மாதிரி இருக்கும். கோழி பார்த்தால் பயந்துவிடும்.

விளையாட்டு மைதானங்களின் கதையும் இப்படித்தான். லண்டன் கென்னிங்டனில் உள்ள ஓவல் மைதானம், கிரிக்கெட் வருவதற்கு முன்னால் காய்கறித் தோட்டமாக இருந்தது. சுற்றிலும் வளைவாகப் போட்ட தெருவின் பெயர்தான் ஓவல். 1845இல் அந்த இடம் மைதானமானபோது தெருவின் பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. இங்கிலாந்து மண்ணில் முதல் டெஸ்ட் பந்தயம் 1880இல் அங்கேதான் நடந்தது. அப்புறம் அந்தப் பெயர் அடிலெய்டுக்குப் போனது, மும்பையில் ஓவல் மைதானம் ஆனது. கொழும்பில் தமிழ் யூனியன் சங்கத்தின் மைதானத்துக்கும் முன்பு கொழும்பு ஓவல் என்றே பெயர். பிறகு கிரிக்கெட் நிர்வாகி சரவணமுத்துவின் பெயரைச் சூட்டினார்கள். இலங்கை தன் முதல் டெஸ்ட் பந்தயத்தை 1982இல் ஆடியது அங்கேதான். ஆஸ்திரேலியாவில் இது இன்னும் முற்றிப்போய், பள்ளிக்கூடத்துக் கட்டாந்தரை சதுரமாக இருந்தாலும் பிள்ளைகள் அதை ஓவல் என்றே சொல்கிறார்கள்.

கிரிக்கெட் என்றதும் இன்னொன்று. ரன் எடுக்காமல் அவுட் ஆனால் ஆங்கிலத்தில் டக் என்கிறார்களே, அது வாத்துமுட்டை என்பதன் சுருக்கம். பூஜ்யம் முட்டை மாதிரி இருப்பதால். கணக்குப் பரீட்சையில் முட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போன நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

நீள்வட்டம் என்ற சொல் எங்கே நுழைந்தது? அதன் ஆங்கிலப் பெயரான எலிப்ஸ், கிரேக்கத்தில் 'குறைவு' என்ற பொருளுள்ள சொல். கி.மு. 200 வாக்கில் பெர்கே ஊரைச் சேர்ந்த அப்பலோனியஸ், கூம்பை வெட்டினால் கிடைக்கும் வளைவுகளுக்குப் பெயரிட்டபோது வைத்தது. ஒரு குறிப்பிட்ட பரப்புக் கணக்கில் குறைந்துபோனால் எலிப்ஸ், மிஞ்சிப்போனால் ஹைப்பர்போலா, சரியாக நின்றால் பரபோலா. வாக்கியத்தில் சொல்லாமல் விட்டதற்குப் போடும் மூன்று புள்ளிகளுக்கும் ஆங்கிலத்தில் இதே சொல்லின் உடன்பிறப்புதான் பெயர். ஆக, எலிப்ஸ் என்ற சொல்லில் முட்டையும் இல்லை, நீளமும் இல்லை. தமிழில் 'நீள்வட்டம்' என்று வைத்தவர் மூலச் சொல்லை மொழிபெயர்க்காமல், கண்ணால் பார்த்ததற்குப் பெயர் வைத்தார். நல்ல காரியம். இலங்கைப் பாடநூல்களில் நீள்வளையம் என்று படித்தவர்களும் இருப்பார்கள். அதுவும் அதே வழி.

முட்டையும் நீள்வட்டமும் நேருக்கு நேர் மோதிக்கொண்ட இடம் ஒன்று உண்டு. அது வானியல். பிராகா நகரத்தில் உட்கார்ந்து கெப்லர் செவ்வாய்க் கிரகத்தின் பாதையைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தார். கையில் டைக்கோ பிராகே என்ற வானியலாளர் விட்டுச்சென்ற அளவீடுகள். வட்டம் என்று வைத்தால் கணக்கு இடித்தது. சரி, வட்டம் இல்லையென்றால் வேறென்ன? அவர் எடுத்தது நீள்வட்டம் இல்லை, முட்டை. ஒரு முனை தடித்து, மறுமுனை கூம்பிய உண்மையான முட்டை உருவம். அதோடு மாதக்கணக்கில் மல்லாடினார். 1603 ஜூலையில் ஃபப்ரீசியஸ் என்ற நண்பருக்கு எழுதிய கடிதத்தில், இந்த உருவம் மட்டும் ஒரு சுத்தமான நீள்வட்டமாக இருந்திருந்தால் எல்லா விடையையும் ஆர்க்கிமிடீசும் அப்பலோனியசும் ஏற்கெனவே எழுதி வைத்திருப்பார்களே என்று அங்கலாய்த்திருக்கிறார். அதோடு, முட்டையின் பரப்பை அளப்பது பெரும்பாடாக இருந்ததால், அதற்குப் பதிலாக ஒரு நீள்வட்டத்தையே கணக்குக்கு வசதியான துணை உருவமாக வைத்துக்கொண்டார். தேடிய விடை மேசை மேலேயே கிடந்தது. 1605இல்தான் துணைக்கு வைத்ததே அசல் என்று தெரிந்தது. 1609இல் நூலாக வெளிவந்தது. முட்டைக்கும் நீள்வட்டத்துக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது இந்தக் கதையைத்தான். இரண்டும் ஒன்று என்றால் அந்த மனிதர் இவ்வளவு பாடு பட்டிருக்க வேண்டாம்.

இப்போது நம் பக்கம். 'தமிழில் பழைய சொல் உண்டா' என்று கேட்டிருந்தீர்கள். இரண்டு கிளையாகப் பார்க்க வேண்டும். ஒன்று அண்டம், மற்றது முட்டை.

அண்டம் சமஸ்கிருதச் சொல். முட்டை என்பதே அதன் நேர்ப்பொருள். இந்தியில் இன்றும் முட்டையை அண்டா என்றுதான் கேட்டு வாங்குகிறார்கள். (நம் கல்யாண வீட்டுச் சாம்பார் அண்டா வேறு. அது ஹண்டா என்ற வடக்கத்திப் பாத்திரத்தின் பெயரிலிருந்து வந்தது.) முட்டையில் பிறப்பவற்றுக்கு அண்டசம் என்று நம் சைவ நூல்கள் பெயர் சொல்கின்றன. சித்த மருத்துவத்தில் அண்டம் என்றால் விதைப்பை, அண்டவாதம் அதில் வரும் வீக்கம். பாரசீகத்துக் காயாவை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ஸ்பானியர், ரஷ்யர், ஜெர்மானியர் எல்லோரும் தத்தம் முட்டைச் சொல்லை இதே இடத்துக்குக் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். மனிதர்களின் கற்பனை எல்லா ஊரிலும் ஒரே சந்துக்குள்தான் நுழைகிறது.

அப்புறம், பிரபஞ்சம் முழுவதும் படைப்புக்கு முன் ஒரு முட்டையாக இருந்தது என்ற பழைய எண்ணத்திலிருந்து பிரம்மாண்டம் வந்தது. பிரம்மனின் முட்டை. 'பிரம்மாண்டமான செட்' என்று சினிமா விளம்பரம் போடுகிறவர்கள் உண்மையில் முட்டையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கந்தபுராணத்துச் சூரபன்மன் ஆண்டது ஆயிரத்தெட்டு அண்டம். மாணிக்கவாசகர் திருவண்டப் பகுதியைத் தொடங்கும்போது 'அண்டப் பகுதியின் உண்டைப் பிறக்கம்' என்கிறார். உண்டை என்றால் உருண்டை. கவனியுங்கள், முட்டை என்று பொருள்படும் சொல்லை எடுத்து அதற்கு உருண்டை என்று வடிவம் சொல்கிறார். அவர் காலத்துக்குள்ளேயே தமிழில் அண்டம் முட்டைத்தனத்தை இழந்துவிட்டது என்பதற்கு எனக்கு இதுவே போதும். சாஞ்சி போன்ற பௌத்தத் தூபிகளின் குவிந்த உடம்புக்கும் அண்டம் என்றே பெயர். அதுவோ கிட்டத்தட்ட அரைக்கோளம். ஆக, ஓவலுக்கு ஐரோப்பாவில் நடந்தது அண்டத்துக்கு இங்கே நடந்திருக்கிறது. சொல்லுக்குள் இருந்த முட்டை கண்ணுக்குத் தெரியாமல் போனதும் வடிவமும் நழுவிவிட்டது.

ஆனால் வடிவம் நழுவக் கூடாத தொழில் ஒன்று இருந்தது. அது சிற்பம். கல்லில் உளி வைப்பவருக்கு 'சும்மா ஓவலாக' என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. சிற்ப நூல்கள் என்ன செய்தன தெரியுமா? வெறும் அண்டம் என்று சொல்லாமல் குக்குடாண்டம் என்று சொல்லின. குக்குடம் என்றால் கோழி. கோழிமுட்டை. லிங்கத்தின் உச்சி எப்படி அமையலாம் என்று ஐந்து வடிவங்கள் சொல்கிறார்கள்: குடை, வெள்ளரிக்காய், கோழிமுட்டை, அரைச்சந்திரன், நீர்க்குமிழி. எல்லாமே கையில் எடுத்தோ கண்ணால் பார்த்தோ சரிபார்க்கக்கூடியவை. முகத்துக்கும் கோழிமுட்டைதான் அளவுகோல். ஓவியர் அவனீந்திரநாத் தாகூர் இந்தியச் சிற்பத்தின் உடற்கூறு பற்றி எழுதியபோது, முகம் கோழிமுட்டை போல இருக்க வேண்டும் என்ற பழைய விதியை எடுத்துக் காட்டியிருக்கிறார். தடித்த பக்கம் நெற்றி, கூம்பிய பக்கம் முகவாய். இதை நீள்வட்டமாக எடுத்துக்கொண்டு செதுக்கினால் நெற்றியும் தாடையும் ஒரே அகலத்தில் வந்து நிற்கும். அழகு நிலையத்தில் 'உங்களுக்கு ஓவல் ஃபேஸ்' என்று சொல்லும் பெண்ணும், தெரியாமலேயே, இந்தத் தடித்த முனை மேலே இருக்கும் முட்டையைத்தான் சொல்கிறார்.

ஏன் கோழி என்று சேர்த்துச் சொன்னார்கள்? ஏனென்றால் முட்டைகள் எல்லாம் ஒரே வடிவம் இல்லை. ஆந்தையின் முட்டை ஏறக்குறைய பந்து. வடகடல் பாறை விளிம்புகளில் முட்டையிடும் கில்லிமாட் என்ற பறவையின் முட்டை பேரிக்காய் போலக் கூம்பியிருக்கும். 2017இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் மேரி காஸ்வெல் ஸ்டாடர்டும் அவருடைய குழுவும் சுமார் 1,400 பறவை இனங்களின் 50,000 முட்டைகளை, அருங்காட்சியகப் படங்களிலிருந்து அளந்து பார்த்தார்கள். எவ்வளவு நீண்டிருக்கிறது, எவ்வளவு ஒருபக்கமாகக் கூம்பியிருக்கிறது என்ற இரண்டு அளவுகளில் எல்லா முட்டைகளையும் வரிசைப்படுத்த முடிந்தது. நன்றாகப் பறக்கும் பறவைகளின் முட்டைகள் அதிகம் நீண்டோ கூம்பியோ இருப்பதாக அவர்கள் கண்டார்கள். வடிவத்தை முடிவு செய்வது ஓடு இல்லையாம், ஓட்டுக்கு உள்ளே இருக்கும் சவ்வு. அவித்த முட்டையை உரிக்கும்போது நகத்தில் ஒட்டிக்கொண்டு எரிச்சலூட்டுமே, அதே சவ்வுதான். 2021இல் நருஷின், ரொமானோவ், கிரிஃபின் மூவரும் எல்லாப் பறவை முட்டைகளுக்கும் பொருந்தும் ஒரு சூத்திரத்தை வெளியிட்டார்கள். நீளம், அதிகபட்ச அகலம் ஆகியவற்றோடு, அந்த அகலம் நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி விழுகிறது என்பதும், முனையிலிருந்து கால் பங்கு நீளத்தில் எவ்வளவு தடிமன் என்பதும் அதற்குத் தேவைப்பட்டன. நீள்வட்டத்துக்கு இரண்டு அளவு போதும், முட்டைக்கு நான்கு.

முட்டைகள் பலவிதம் என்பது தமிழ்ப் புலவர்களுக்கும் தெரிந்திருந்தது. முட்டை என்பது நல்ல பழைய தமிழ்ச் சொல். மலையாளத்தில் முட்ட, கன்னடத்தில் மொட்டெ. தெலுங்கு மட்டும் விலகி குட்டு என்கிறது. 'குஞ்சு முட்டிக்கொண்டு வெளியே வருவதால் முட்டை' என்று ஒரு விளக்கம் வாட்ஸப்பில் சுற்றுகிறது. கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் ஆதாரம் கிடையாது. சொல் எவ்வளவு பழையது என்பதற்கு ஆதாரம் உண்டு. புறநானூற்று 173ஆம் பாட்டில், பண்ணன் என்ற வள்ளலின் வீட்டில் சோறு வாங்கிக்கொண்டு வரிசையாகப் போகும் சிறுவர்களைப் பார்த்து, மழைக்கு முன்னால் 'முட்டை கொண்டு வற்புலம் சேரும்' சிற்றெறும்பு வரிசைபோல் இருக்கிறது என்கிறார் சோழன் கிள்ளிவளவன். ஒரு கையில் வெள்ளைச் சோற்று உருண்டையோடு ஓடும் பிள்ளையும் வாயில் வெள்ளைத் துளியோடு ஓடும் எறும்பும். (எறும்பு தூக்கிக்கொண்டு ஓடுவது பெரும்பாலும் முட்டை இல்லை, புழுவும் கூட்டுப்புழுவும்தான் என்று உயிரியல் வாத்தியார் திருத்துவார். திருத்தட்டும்.)

எனக்கு இன்னும் பிடித்தது அகநானூறு 160. கடற்கரை மணலில் ஆமை மறைத்துவைத்த முட்டையைப் பாடுகிறார் குமிழிஞாழலார் நப்பசலையார்: 'கோட்டு வட்டு உருவின் புலவுநாறு முட்டை'. கோடு என்றால் இங்கே யானைத் தந்தம். வட்டு என்பது விளையாடும் உருண்டைக்காய். தந்தத்தில் கடைந்த வட்டுப் போன்ற, புலால் நாறும் முட்டை. சென்னைக் கடற்கரையில் தை, மாசி இரவுகளில் பங்குனி ஆமை முட்டையிடுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த வரி எவ்வளவு துல்லியம் என்று தெரியும். கடலாமை முட்டை கோழிமுட்டை மாதிரி இருக்காது. சுத்த உருண்டை, டேபிள் டென்னிஸ் பந்து போல வெள்ளை. அதனால்தான் புலவர் முட்டை என்று சொல்லிவிட்டு நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் கேட்பவர் மனத்தில் கோழிமுட்டை வந்துவிடும். வடிவத்துக்குத் தனியாக ஓர் உவமை தேவைப்பட்டது. சிற்பி முட்டைக்கு முன்னால் கோழியைச் சேர்த்தார், இவர் தந்த வட்டைச் சேர்த்தார்.

நம் பேச்சுத் தமிழில் முட்டை இவ்வளவு கறாராக இல்லை என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். முட்டைக்கோஸைப் பாருங்கள், எந்தக் கோழி இட்டது அப்படி ஒன்றை? சோப்பு நுரையில் ஊதிப் பறக்க விடுவதும் முட்டைதான். தென்மாவட்டங்களில் வறட்டியை எருமுட்டை என்பார்கள். அது தட்டை. ஆங்கிலேயர்களோ, வெள்ளை வெளேரென்று கோழிமுட்டை அளவில் காய்த்த ஒரு கத்தரி ரகத்தைப் பார்த்து 18ஆம் நூற்றாண்டில் முட்டைச்செடி என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் இப்போது ஒரு முழ நீள ஊதாக் கத்தரிக்கும் சேர்ந்துவிட்டது.

இந்த விஷயத்தில் நான் பட்ட அவமானம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு சமயம் மரங்களைப் பற்றிய கையேடு ஒன்றைத் தமிழாக்கினேன். இலை வடிவத்துக்கு ஓவேட், ஓபோவேட், எலிப்டிக் என்று மூன்று சொற்கள் திரும்பத் திரும்ப வந்தன. மூன்றுக்கும் முட்டை வடிவம் என்று போட்டுக்கொண்டே போனேன். மெய்ப்புப் பார்த்த தாவரவியல் ஆசிரியை ஒருநாள் இரண்டு இலைகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஒன்று செம்பருத்தி, ஒன்று முந்திரி. "தம்பி, இது ரெண்டும் உங்க கணக்குல ஒண்ணா?" என்று கேட்டார். செம்பருத்தி இலை காம்புப் பக்கம் அகன்று நுனிப் பக்கம் கூம்பியிருந்தது. முந்திரி இலை காம்பில் ஒடுங்கி, நுனியில் அகன்று மழுங்கியிருந்தது. ஒரே முட்டை, ஆனால் தலைகீழ். முதலாவது ஓவேட், இரண்டாவது ஓபோவேட். அந்த 'ஓப்' என்ற முன்னொட்டே லத்தீனில் இங்கே 'தலைகீழாக' என்ற வேலையைச் செய்கிறது. நடுவில் அகன்று இரண்டு முனையும் சமமாக ஒடுங்கினால் மட்டும் எலிப்டிக், அதாவது நீள்வட்டம். வேலி ஓரத்துச் செடியைக் கையேட்டை வைத்து அடையாளம் காண முயல்பவருக்கு இந்த மூன்றும் ஒன்றாகிப்போனால் புத்தகமே வீண். அன்றைக்கு உட்கார்ந்து கையேடு முழுக்கத் திருத்தினேன்: முட்டை வடிவம், தலைகீழ் முட்டை வடிவம், நீள்வட்டம். வாதாம் மர இலை எல்லாம் தலைகீழுக்குப் போனது.

ஓவேட் என்பது தட்டையானதற்கு, இலைக்கு. காய் போன்ற கன உருவம் என்றால் ஓவாய்டு என்பார்கள். தமிழில் இரண்டுக்கும் முட்டை வடிவம் என்றே சொன்னாலும் குடி முழுகிவிடாது, இலையா காயா என்பது வாக்கியத்திலேயே தெரிந்துவிடும்.

ஆகவே உங்கள் அகராதிக் கேள்விக்கு என் பதில் இது. ஒரு முனை தடித்து மறுமுனை கூம்பியிருந்தால் முட்டை வடிவம் என்று எழுதுங்கள். இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருந்தால் நீள்வட்டம். ஆங்கிலத்தில் ஓவல் என்று மட்டும் இருந்தால் எதையும் நம்பாமல் படத்தைப் பாருங்கள். வெள்ளை மாளிகையின் ஓவல் அலுவலகத்துக்கு முட்டை அலுவலகம் என்று எழுதிவிடாதீர்கள், அந்த அறை இரண்டு பக்கமும் சமமாக வளைந்தது. அந்த மாளிகைக்குத் தெற்கே இருக்கும் புல்வெளிக்கோ எலிப்ஸ் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரே வளாகத்தில் ஒரே மாதிரி வளைவுக்கு இரண்டு பெயர். ஊர்ப்பெயர், இடப்பெயர் என்றால் ஓவல் என்றே விட்டுவிடுவது மேல்.

போன மாதம் வீட்டுக்கு ஒரு முகம் பார்க்கும் கண்ணாடிக்குச் சட்டம் போட வேண்டியிருந்தது. ஆசாரியிடம் ஓவலாக வேண்டும் என்றேன். அவர் பலகையில் இரண்டு ஆணி அடித்து, நூலை வளையமாகக் கட்டி அதில் மாட்டி, பென்சிலை உள்ளே கொடுத்து இழுத்துச் சுற்றப் போனார். கெப்லர் தேடிய அதே நீள்வட்டம், இரண்டு நிமிட வேலை. சுற்றுவதற்கு முன்னால் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஓவல்னா எப்படி சார், ரெண்டு பக்கமும் ஒரே மாதிரியா, இல்ல கோழிமுட்டை மாதிரியா?"